வால் கனத்த தூரக்கண்ணாடி

மாசி 9, செவ்வாய்

பகல் முழுக்க வெயில். சாயங்காலம் பனிக்காற்று. மிளகாய் காயப் போட்டு எடுத்தாயிற்று. கண் எரிச்சல், இடுப்பு வலி.

கொழுந்தனார் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணி, அண்ணனோட தூரக்கண்ணாடிய நமுனுகுலத் தேயிலத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா கேக்குறாரு. ஞாயித்துக்கெழம வண்டி அனுப்புறேன்னாரு. குடுத்துருவோமே."

நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"அது கண்ணு முன்னாடி இருந்தா நீங்க அழுதுகிட்டேதான் இருப்பீங்க."

கெட்டவர் இல்லை. அண்ணன் போனதிலிருந்து அவரும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். ஆனாலும் அந்த நிமிஷம் கையிலிருந்த கரண்டியால் அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. போடவில்லை. ரசம் ஊற்றினேன்.

மலைக்கு மேலே மூன்றாம் பிறை. அவர் இருந்தால் இந்நேரம் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, கொல்லைக்கு ஓடி வந்திருப்பார்.

மாசி 10, புதன்

தேங்காய் எண்ணெய் தீர்ந்தது. சிவகாமியிடம் சொல்ல வேண்டும். (கொழுந்தனார் பெண்சாதி. இந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் அவள் ஒருத்தி.)

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட் - ஒன்றுதான் மிச்சம். கறுப்புத்தாள் பிரிக்காமல்.
படம் கழுவும் மருந்துப் புட்டிகள் - சரி.
சிவப்பு விளக்கு - திரி மாற்ற வேண்டும்.
அவர் துண்டு - இன்னும் வாசனை இருக்கிறது. மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நிலாவைப் படம் பிடிக்கப் போகிறேன். அசையாத படம். அவர் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஒரு தடவைகூடச் சரியாக வராத படம். எனக்கு இனி வேறு ஆசை ஒன்றும் இல்லை.

தொல்லை எங்கே என்றால், தூரக்கண்ணாடியின் பித்தளைக் குழாய் வாலில் படப்பெட்டியை மாட்டினதும் வால் கனத்துப் போகும். குழாய் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். நிலா கண்ணாடியைவிட்டு ஓடிவிடும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் வால் மெல்ல இறங்கும். முன்பெல்லாம் வாலை இரண்டு விரலால் நான்தான் தாங்குவேன். "மூச்சு விடாத"ம்பார். "மூச்சு விடாம இருக்க நான் என்ன பொணமாங்க?" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே குழாய் ஆடும். நிலா வாழைப்பழம் மாதிரி நீண்டு வரும்.

அந்த வார்த்தையை ஏன் சொன்னேன். பாழும் வாய்.

கடைக்குப் புளி பிடிக்க மொனராகலைக்குப் போனார். காய்ச்சல். அங்கேயே எரித்துவிட்டு வந்து சொன்னார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

மாசி 11, வியாழன்

வானம் சுத்தம். பஜாரில் யாருக்கோ கல்யாணம், மேளச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன்.

குழாயின் முன்பக்கம் கட்ட ஒரு கனம் வேண்டும். சிவகாமியைக் கடைக்கு அனுப்பி எடைக்கல் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது:

"அக்கா ஒரு எடக்கல்லு கேக்குறாங்க. நாளைக்குத் தந்துருவாங்களாம்."

"வெளக்கு வெக்கிற நேரத்துல கல்லு கடையத் தாண்டலாமா? அதுவும்..." என்று இழுத்தார் கொழுந்தனார்.

அந்த "அதுவும்" என்ன என்று எனக்குத் தெரியும். தாலி இழந்தவள் கை பட்ட கல்லில் நிறுத்தால் வியாபாரம் விளங்காதாம். காலையில் கடை திறக்கும்வரை நான் முன்பக்கமே போவதில்லை. போதாதா? போங்கள், நீங்களும் உங்கள் கல்லும்.

டிரங்குப் பெட்டியிலிருந்து என் வெள்ளித் தண்டைகளை எடுத்தேன். பதினாறாம் நாள் கழற்றியவை. நல்ல கனம். துணியில் முடிந்து, கயிறு போட்டுக் குழாயின் முன்பக்கம் தொங்கவிட்டேன்.

சிவகாமி பார்த்துவிட்டாள். "ஐயோ அக்கா! அதப் போயி கட்டுறீங்களே!"

"வேற எங்க போடச் சொல்றே? கால்லயா?"

பாவம், அழுதுவிட்டாள். அவளை ஏன் குத்தினேன். பிறகு அவளேதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பிளேட்டை வீணாக்கக் கூடாது. அதே அளவு ஜன்னல் கண்ணாடித் துண்டைப் படப்பெட்டிச் சட்டத்தில் போட்டுப் பழகினேன். குழாயைக் கிடையாக வைத்து, முடிச்சை முன்னும் பின்னும் தள்ளி, தராசு முள் மாதிரி நேராக நிற்க வைத்தேன். நின்றது. நிலாவுக்குத் தூக்கினேன். கொஞ்சம் நின்று, வால் இறங்கிவிட்டது.

மாசி 12, வெள்ளி

தலை முழுகினேன். தடுமன்.

நிலா நேற்றைவிட உயரம். வால் நேற்றைவிட வேகமாக இறங்குகிறது. கிடையில் சரி. தூக்கினால் தப்பு. திரும்பக் கிடையில் பார்த்தால் சரி! கோபத்தில் முக்காலியை உதைத்தேன். கால் விரல் வீங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விரலுக்காக இல்லை.

உட்கார்ந்தபடி கீழேயிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கனமெல்லாம் அச்சாணிக்கு மேலே இருக்கிறது. தலையில் குடத்தோடு அண்ணாந்தால் குடம் பின்னால் சாயாதா? அதேதான். கிடையில் நிறுத்துப் பிரயோசனம் இல்லை. நிலாவைப் பார்க்க வைத்து, அங்கேதான் நிறுக்க வேண்டும். நாங்கள் கடைக்காரர்கள். முள் நேராக நின்றால் நிறை சரி என்று நம்பினவர்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் எடைக்கல்லைக் கட்டி, கிடையில்தான் சரி பார்ப்பார். அத்தனை பிளேட்டும் அதில்தான் பாழ்.

குழாயை நிலாவுக்குத் தூக்கி வைத்து, முடிச்சை இன்னும் முன்னே தள்ளினேன். கையை எடுத்தேன்.

நின்றது. என் விரல் இல்லாமலே நின்றது.

இது முன்பே தெரிந்திருந்தால் அவர் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டே இருக்க மாட்டார். பனியில் தோளோடு தோள் நின்ற சாயங்காலங்கள் எனக்கு இருந்திருக்காது. தெரியாமல் போனதே நல்லது, சாமி. எனக்கு அவர் வேண்டும். படம் கிடம் எல்லாம் அப்புறம்.

மாசி 13, சனி

பகலில் மேகம். பயந்தேன். நாலு மணிக்குக் கலைந்தது.

கிளாக்கர் ஐயாவின் வண்டி நாளை காலையில் வருகிறதாம்.

பொழுது சாய்ந்ததும் பிளேட்டைச் சட்டத்தில் போட்டேன். அரை நிலா கிட்டத்தட்ட உச்சியில். கழுத்து ஒடிந்துவிடும் போல. முடிச்சைச் சரிபார்த்தேன். சட்டத்தின் மூடியை இழுத்த பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். ஆடவில்லை. சிவகாமி பிள்ளைகளை உள்ளே அடக்கி வைத்தாள். "யாரும் ஓடக் கூடாது, பெரியம்மா படம் புடிக்குறாங்க!" என்றாள். குழாயின் வாயை மறைத்திருந்த கறுப்பு அட்டையை எடுத்தேன். ஒன்று என்று எண்ணி மூடினேன். மூச்சு விடவில்லை.

அரிசி அறையில் கதவை அடைத்து, சிவப்பு விளக்கில், பிளேட்டை மருந்துத் தட்டில் வைத்து ஆட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெளிச்சம் பட்ட இடம் கறுத்து, ஒரு பாதி எழும்பி வந்தது. வாழைப்பழம் இல்லை. சுத்தமான அரை வட்டம், உள்ளே குழி குழியாகக்கூடத் தெரிந்தது.

"ஏங்க! இங்க வாங்களேன்! அசையவே இல்லங்க!"

கத்தியேவிட்டேன். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது. யாரும் எழுந்து வரவில்லை. ஈரக் கையோடு கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.