ஆடி மாவும் நீ போட்ட கையெழுத்தும்

கேழ்வரகு வறுபடும் வாசனை இன்று காலை கூட்ட அறைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆலையின் இரண்டாவது லைனில் ஆடிக்கான கூழ் மாவு ஓடத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்தினார்கள், ஏசியைக் கூட்டினார்கள், வாசனை போகவில்லை. அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் உன் யோசனையை இன்னொருவர் வாயால் கேட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். கடைக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பதை மட்டும் பார்த்து மாவு அரைக்கக் கூடாதாம். அவர் கடையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டுமாம். எந்த ஊரில் எப்போது திருவிழா என்றும் பார்க்க வேண்டுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நம் மேனேஜரும் தட்டினார். இதையே நீ சொன்னபோது உன்னை வாயை மூடச் சொன்ன அதே மனிதர்.

நீ உற்பத்தித் திட்டம் போடுகிறவள், நான் தானியம் வாங்குகிறவள், எதிரெதிர் மேசை. திருவள்ளூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பேன். பெரியபாளையத்தில் ஏறியதும் "தள்ளிக் குந்து மே" என்பாய். இடம் பிடித்துக் கொடுத்தவளுக்கு நன்றியெல்லாம் கிடையாது. கும்மிடிப்பூண்டி வரும்வரை எந்த ஊரில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்ற கதைதான்.

திங்கட்கிழமை காலையில் உன்னிடம் யாரும் பேச முடியாது. இருபது கடைக்குப் போன் போடுவாய். ஊத்துக்கோட்டை, திருப்பாச்சூர், கடம்பத்தூர், திருநின்றவூர் என்று வரிசையாக. "அண்ணே, ரேக்குல நம்ம மாவு எத்தினி பாக்கெட்டு கீது? உங்க ஊர்ல எந்த வாரம் கூழு?" இவ்வளவுதான் கேள்வி. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்கவே மாட்டாய். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா வோணும்னு கேட்டா ஆசையச் சொல்வாங்க மே. இன்னா கீதுன்னு கேட்டாத்தான் நெசத்தச் சொல்வாங்க."

அந்த வருஷத்து ஆடியை நான் மறப்பேனா? நான் வாங்கிய கேழ்வரகு லாரி தாமதமாக வந்தது. முதல் வாரம் கடைகள் கேட்டதில் பாதிதான் கொடுத்தோம். கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? கேட்டதில் பாதிதானே தருகிறார்கள் என்று அடுத்த வாரம் இரண்டு மடங்கு கேட்டார்கள். அதற்குள் தானியம் வந்துவிட்டதால் கேட்டதை முழுசாகக் கொடுத்தோம். மூன்றாவது வாரமும் பயம் போகாமல் இரண்டு மடங்கே கேட்டார்கள். தலைமை அலுவலகத்துக்கு ஒரே குஷி. வியாபாரம் பெருகிவிட்டதாம்.

அந்தத் திங்கட்கிழமை நீ போன் போட்டுப் பார்த்தால், எல்லாக் கடையிலும் ரேக் நிறைய மாவு. நேரே மேனேஜரிடம் போனாய், நானும் கூட வந்தேன். "சார், இது வியாபாரம் இல்ல, பயம். ஆடி போச்சுன்னா இந்த மாவ யாரும் சீண்ட மாட்டாங்க" என்றாய். அவர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமலே, "நம்பர் ஏறுதும்மா. நீ வாய மூடிக்கினு பிளான ஏத்து" என்றார்.

ஏற்றினாய். பேக்கிங்குக்கு முப்பது பெண்களைப் புதிதாக வேனில் கொண்டுவந்து இறக்கினான் கான்ட்ராக்டர், தீபாவளி வரை வேலை என்று சொல்லி. ஆவணி பிறந்தது. நீ சொன்னபடியே ஒரு கடையும் மாவு கேட்கவில்லை. ஏற்கெனவே போன மாவும் வண்டு விழுந்து திரும்பி வந்தது. அந்த முப்பது பேரையும் ஒரு காலையில் கேட்டிலேயே நிறுத்தி, வர வேண்டாம் என்றார்கள். மல்லிகா என்ற பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, தீவாளி வரிக்கும்னு சொல்லித்தான கூட்டினு வந்தாங்க? போய்க்கினு இருந்த கம்பெனியயும் வுட்டுட்டு வந்தேனே" என்று அழுதாள். அன்று உன் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போனது.

மாவு பாழானதற்கு யார் பொறுப்பு என்று தலைமை அலுவலகம் கேட்டது. மேனேஜர் ஒரு தாளை உன் முன்னால் தள்ளினார். 'திட்டமிடுதலில் என்னால் நேர்ந்த தவறு' என்று அதில் அடித்திருந்தது. உன் திங்கட்கிழமைத் தாள், ரேக்குகள் நிறைந்திருப்பதாக நீ எழுதி எனக்கொரு நகல் கொடுத்த தாள், அப்போது என் கைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. என் வேலைக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கையெழுத்துப் போட்டாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் போட்டாய் என்று பஸ்ஸில் கேட்டதற்கு, "நான் போடலன்னா அடுத்து ஒன் லாரி கதைக்கு வருவாங்க. வுடு மே" என்றாய். உன்னிடம் யார் கேட்டார்கள்? என் தப்பை என்னிடம் விட்டிருக்கலாம். உன்னைத் திரும்பி வந்த சரக்குக் கிடங்கில் போட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்காகப் பாக்கெட்டுகளை வெட்டிக் கொட்டும் இடம். ஊர் ஊராய்க் கூழ் நாள் தெரிந்த உனக்குக் கையில் கத்திரிக்கோல். இரண்டு வருஷம் அந்தப் புளித்த வாடையில் இருந்துவிட்டு, நோயில் விழுந்து, நீயும் போய்விட்டாய்.

இன்று கை தட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்றேன். "இது புதுசு இல்ல சார்" என்று உன் பெயரைச் சொன்னேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அவங்க போட்ட பிளான்லதானேம்மா அன்னிக்கு அவ்ளோ மாவு வீணாச்சு?" என்றார்.

கைப்பையிலிருந்து உன் திங்கட்கிழமைத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தாலும் உன் எழுத்து தெளிவாக இருந்தது. இருபது கடை, இருபது ரேக், கடைசி வரியில் 'பயத்தில் கேட்கிறார்கள், கூட்ட வேண்டாம்.' லாரி தாமதமானது என் பொறுப்பு, அதை என் பெயரில் எழுதுங்கள், அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஃபைலிலிருந்து எடுங்கள் என்றேன்.

"அவங்களே இல்ல. இப்ப எதுக்கும்மா அந்த லெட்டரு?"

எனக்கு ஆபீஸ் பேச்சு மறந்துபோனது. "அவ பூட்டா சார். லெட்டரு இன்னும் கீதே!"

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றார். பார்ப்பார்களோ இல்லையோ, வாரா வாரம் கேட்கப்போகிறேன். சாயங்காலம் கேட்டில் புதுப் பெண்களின் வேன் நின்றது. கான்ட்ராக்டர் இந்த முறையும் தீபாவளி வரை என்றுதான் சொல்லியிருக்கிறான். ஆடி முடிந்தால் இந்த வேலையும் முடிந்தது, இருக்கிற வேலையை விட்டுவிட்டு வராதீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அவன் முறைத்தான். முறைக்கட்டும்.

நீ இருந்தால் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க மாட்டாய், என்ன இருக்கிறது என்றுதான் கேட்பாய். சொல்கிறேன். கடைகளின் நம்பர் இருபதும் இருக்கிறது, திங்கட்கிழமை தவறாமல் போன் போடுகிறேன். கிழிந்த தாள் இருக்கிறது. அன்றைக்கு அதை எடுக்காத கையும் இருக்கிறது, இதோ, உனக்கு எழுதிக்கொண்டு.