பயத்தை உட்காரவைத்து விசாரித்தவருக்கு

பக்கத்து மனையில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். காலையில் சன்னலைத் திறந்ததும் ஈரக் கடல்மண்ணின் உப்பு வாசனை முகத்தில் வந்து மோதியது. எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு தோண்டுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. கொத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதே ஊரில் இதே மாதிரி குழி தோண்டிவிட்டு, இதே மாதிரி விழித்துக்கொண்டு நீங்கள் நின்றது ஞாபகம் வந்துவிட்டது. சொல்லிச் சிரிக்க நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் திருச்செந்தூருக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் குழப்பம்தான். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தோணியில் போய், கயிற்றேணியில் ஏறி, சரக்கைச் சரிபார்க்கும் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பா அதிலேயே மயங்கிப்போய், "நடுக்கடல்ல ஏறி இறங்குத வேலைன்னா லேசா? மாப்பிள்ளை தைரியமான ஆளுதான்" என்றார்.

நீங்கள் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தீர்கள். "இல்ல மாமா. எனக்கு ரொம்பப் பயம். கடலைப் பாத்தா பயம், ஏணியைப் பாத்தா பயம். இப்ப உங்களைப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கு."

அப்பா தரகரைத் திரும்பிப் பார்த்தார். நீங்களோ வேட்டி நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு எதுக்குப் பயம்னு தெரிஞ்சுக்கிடலாமா?" என்று வேறு கேட்டீர்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் பொறுக்கமாட்டாமல், "எனக்கு எதுக்கும் பயம் கிடையாது" என்றேன்.

"அப்ப சரி. வீட்டுக்கு ஒரு ஆளாவது வேணும்லா."

நீங்கள் படியிறங்கியதும் என் அண்ணன் குதித்தான். "இந்தப் பயந்தாங்கொள்ளிக்கா பொண்ணு கொடுக்கப் போறோம்?" அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தங்கள் வீரத்தையே அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்காமலே உண்மையைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். கட்டினால் இவரைத்தான் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியது சரிதானா என்ற சந்தேகம், கல்யாணமாகி நீங்கள் வேலைக்குக் கிளம்பிய முதல் காலையில் வந்தது. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை இடுப்பில் கட்டி, அதன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டீர்கள். பார்ப்பதற்கு நிறைமாதக்காரி மாதிரி இருந்தது. துறைமுகம் முழுக்க உங்களுக்குச் சுரைக்காய் அண்ணாச்சி என்றுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது. எனக்கு மானமே போயிற்று. "இவ்வளவு பயம் இருந்தா வேலையை விட்டுரலாம்லா?" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "பயம் வந்தா வெரட்டப்படாதுளா. உக்கார வச்சு, எதுக்கு வந்தன்னு விசாரிக்கணும். விசாரிச்சேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிச்சு. வேலைக்குப் போகாதன்னு அது சொல்லவே இல்லையே?"

நான் அதையும் ஒரு சமாளிப்பு என்றுதான் நினைத்தேன்.

பிறகு சண்டைக்காலம் வந்தது. துறைமுகத்தில் எதிரி குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்கள் தெருவில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவர்கள்கூடச் சட்டிபானையோடு வண்டியேறினார்கள். நான் நிறைமாதம். அண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். செம்மணல் தேரிக்காட்டுக்கு உள்ளே என் மாமா ஊருக்கு எங்களைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஊரிலேயே முதலில் ஓடப்போவது நீங்கள்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

நீங்கள் காப்பியை வாங்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தீர்கள். எதிரில் யாரோ இருப்பதுபோலத் தலையாட்டினீர்கள். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்துவிட்டு, "மாப்ளை, கெளம்புவோமா?" என்றான்.

"நாங்க வரல மச்சான்."

"என்ன சொல்லுதீரு? குண்டுக்குப் பயமில்லையா உமக்கு?"

"பயந்தான். ஆனா அதைவிட வண்டிக்குப் பயப்படுதேன். குண்டு விழுமா விழாதான்னு யாருக்கும் தெரியாது. இந்த மணல்ல வண்டி குலுங்குத குலுக்குல இவளுக்கு நடுவழியில வலி வந்தா, அங்கன யாரு இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். உங்களோடு வாழ்ந்த நாளில் முதல்முறையாக உங்கள் பயம் எனக்கு நியாயமாகப் பட்டது. "நானும் வரல" என்றேன். அவன் எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வெறும் வண்டியை ஓட்டிப் போனான்.

அன்றைக்கே நீங்கள் பக்கத்துத் தருவைகுளத்துக்குப் போய் மருத்துவச்சியைக் கையோடு கூட்டி வந்தீர்கள். "அய்யா, பிள்ளைக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றாள் அந்த அம்மாள். "பிள்ளைக்குக் கெடக்கலாம். எனக்குக் கெடையாது" என்று அவளை எங்கள் வீட்டிலேயே தங்கவைத்துவிட்டீர்கள். பின்கட்டில் பதுங்குகுழி தோண்டினீர்கள். மறுநாள் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய்ச் சுரைக்குடுக்கை இரண்டையும் எடுத்துவந்து கரையில் வைத்தீர்கள்! குண்டுக்குத் தப்பினால் குழியில் முங்கிவிடக்கூடாதாம்.

எனக்கு வலி கண்டது ஒரு நடுப்பகல். கொஞ்ச நேரத்தில் வெளியே டமார் என்று ஒரு சத்தம். வீடே அதிர்ந்தது. "மாதாவே!" என்று அலறிக்கொண்டு மருத்துவச்சி பின்வாசல் வழியே பாய்ந்து குழியில் குதித்துவிட்டாள். குதித்தபிறகுதான் தண்ணீர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அய்யா, முங்குதேன், முங்குதேன்" என்று அவள் அங்கே கத்த, நான் இங்கே கத்த, நீங்கள் நடுவில் நின்றீர்கள். பல் தந்தியடித்தது உங்களுக்கு. ஆனாலும் ஓடவில்லை. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய், குடுக்கையை நீட்டி அவளைக் கரையேற்றி, சொட்டச் சொட்ட என்னிடம் கொண்டுவந்து சேர்த்தீர்கள். பூட்டிக்கிடந்த எதிர்வீட்டுத் தகரக் கூரை காற்றில் பெயர்ந்து விழுந்த சத்தம் அது என்று அப்புறம் தெரிந்தது. குண்டு எதுவும் விழவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. பிள்ளை கால் முன்னால் வந்தது. ஈரச் சேலையோடு அந்த அம்மாள் பட்ட பாட்டை நான் பாதி மயக்கத்தில் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் நம் மகள் அழுதாள். மருத்துவச்சி உங்களிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "வண்டியில போயிருந்தா, அய்யா, ரெண்டு பேரும் இல்ல." நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதீர்கள்.

சண்டை முடிந்ததும், உங்களுக்கு நடுக்கம் கொடுத்த அடுத்த காரியம் சொந்தக் கடை. "ஆளு வந்து பேரம் பேசினா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும்" என்று பயம் சொல்லியதாம். கடை வேண்டாம் என்று அது சொல்லவில்லையாம். ஆகவே என்னைக் கொண்டுபோய்க் கடையில் உட்காரவைத்தீர்கள். பொம்பளை கடையில் இருக்கிறாளே என்று தெரு முழுக்க வாய் பேசியது. பேசியவர்கள் எல்லாரும் என்னை வேடிக்கை பார்க்க வந்து, ஆளுக்கொரு படி பருப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மகள் மதுரைக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாள். எதற்கும் பயமில்லை என்று கதவுக்குப் பின்னால் நின்று சவால் விட்டவளுக்கு, இதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதுக்கு வந்த என்று கேட்டேன். புது ஊர் என்றது. பொய், நான் நம்பவில்லை. மறுபடி கேட்டேன். வேலை எதுவும் தராமல் ஒரு மூலையில் விருந்தாளியாக உட்காரவைத்துவிடுவார்களோ என்றது. அதுதான் விஷயம்.

உடனே மகளுக்குப் போன் போட்டேன். "வாரேன். ஆனா காலையில அடுக்களை என்னது. ஒருத்தரும் உள்ள வரப்படாது."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "அம்மா, ஆபீசுக்கு ஓடுத அவசரத்துல நான் படுத பாடு உனக்குத் தெரியாது. இதை உங்கிட்ட எப்படிக் கேக்கன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்."

வியாழக்கிழமை ரயில். நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. படபடக்கட்டும். நீங்கள் இல்லாத பயணத்தில் அதுவாவது எனக்குத் துணைக்கு வரட்டும்.