பாத்திரம் கொண்டு வரவும்

அக்கா,

நேற்று மாலை என் மகள் வேலையிலிருந்து வரும் வழியில் இட்லி வாங்கி வந்தாள். சாம்பார் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றியபோது பெருங்காய வாசனையோடு சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கின் வாடையும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். "என்னப்பா?" என்றாள். காற்று வரட்டும் என்றேன். உங்களைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை.

எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரான அண்ணனும் மெஸ் தொடங்கினீர்கள். நான் எதிர் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த புது நிருபர். அண்ணனுக்குச் சமையல். பரிமாறுவது, கல்லா, சண்டை எல்லாம் நீங்கள். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் சாம்பாருக்குத் தூக்குப் பாத்திரம் எடுத்து வருவார்கள். இட்லியை வாழையிலையில் வைத்துச் செய்தித்தாள் சுற்றித் தருவீர்கள். "உங்க பேப்பர்தான் சார். சேதி எப்டியோ, சூடு நல்லா தாங்குது" என்று என்னிடம் ஒரு முறை சொன்னீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கவர் வந்தது. மின்சார ரயிலில் இருந்து வெறுங்கையோடு இறங்குகிறவருக்கு அது பெரிய வசதி. உங்கள் வியாபாரம் நிமிர்ந்தது அதனால்தான். வெள்ளை நூலை இரண்டு சுற்று சுற்றி, ஒரு காது விட்டு, இழுத்தால் அவிழும்படி கட்டுவீர்கள். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த ஐப்பசி மழை. உங்கள் பக்கத்து வீட்டுப் பூக்காரம்மாவின் கட்டில் கால்கள் முங்கும்படி சாக்கடைத் தண்ணீர் உள்ளே நின்றது. மழை விட்டதும் நகராட்சி ஆட்கள் கால்வாயில் கம்பியை விட்டு அடைப்பை இழுத்துப் போட்டார்கள். கவர் கவராக வந்தது. சந்தே கூடி நின்று யார் யாரையோ திட்டியது. நீங்கள் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். இன்னொன்றை எடுத்தீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எல்லாம் என் முடிச்சு சார்" என்றீர்கள்.

கவரும் கையுமாக நீங்கள் நிற்பதைப் பார்த்துப் பூக்காரம்மா, "மழைன்னா அப்டித்தான், நீ போய் அடுப்பப் பாரு" என்றார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கடை வாசலில் அட்டை தொங்கியது: பார்சலுக்குப் பாத்திரம் கொண்டு வரவும். கவர் கிடையாது. அண்ணன் கரண்டியோடு வெளியே வந்தார். "கடைய மூடிடலாமா? சொல்லு, இப்பவே மூடிட்றேன்."

"மூடுனா மூடு. மொதல்ல பூக்காரம்மா வூட்ல போய் நின்னு பாத்துட்டு வந்து மூடு."

என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "சார், நீங்க தூக்கு எடுத்துகினு வாங்க. பேண்ட் போட்டவரு, பேப்பர்காரரு கையில தூக்கு இருந்தா நாலு பேரு எடுப்பாங்க. நா கூவுனா எவன் கேக்கறான்?"

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். பாத்திரத்தோடு ரயிலில் போய்வருவது எப்படி என்று இழுத்தேன். "காலைல இங்க வெச்சிட்டு போங்க. சாயந்தரம் ரெடியா வெக்கிறேன்" என்றீர்கள். ஆக, நான் அதைத் தூக்கி நடக்க வேண்டியது இரண்டு தெரு மட்டும்தான். "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்றேன்.

சில நாள் நடந்தேன். ஒரு மாலை டீக்கடை வாசலில், என்னோடு தினமும் அரசியல் பேசுகிற ரயில்வே ஊழியர் ஒருவர் தூக்கைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், எந்தக் கோயில்ல கூழ் ஊத்துறாங்க? சொன்னா நாங்களும் வருவோம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் பாத்திரத்தை உங்களிடம் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் எடுக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரயிலை விட்டு இறங்கி நிலையத்தின் கிழக்கு வாசல் வழியாகப் போய், அங்கே இருந்த ஒரு ஓட்டலில் வாங்கிக்கொள்ளத் தொடங்கினேன். அவர்கள் கவர் தந்தார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் ரயில்வே மேம்பாலப் படியில் மாட்டிக்கொண்டேன். கிழக்குப் பக்கம் காய் வாங்கிக் கூடையோடு நீங்களும் ஏறி வந்தீர்கள். என் விரலில் ஒரு சாம்பார் கவர் ஆடிக்கொண்டிருந்தது. ஒளித்துக்கொள்ள இடமில்லை. கூடையை இறக்கி வைத்தீர்கள். "முடிச்சு சரியில்ல சார், வழியெல்லாம் ஊத்திகினு போவப் போறீங்க" என்று என் கையிலிருந்து கவரை வாங்கி, அவிழ்த்து, உங்கள் பாணியில் கட்டிக் கொடுத்தீர்கள். "ஒங்க தூக்கு கழுவி கவுத்து வெச்சிகிறேன். எப்ப வேணா வந்து எடுத்துக்குங்க."

குத்திக் காட்டுகிறீர்களா என்று உங்கள் குரலில் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

தை பிறக்கும் முன்பே அட்டை இறங்கிவிட்டது. கேள்விப்பட்டுத்தான் வந்தேன். கல்லாவுக்கு மேலே கவர்க்கட்டு பழையபடி ஆணியில் தொங்கியது.

"வாங்க சார். நாலு பேருதான் வந்தாங்க. நாலு பேர வெச்சிகினு அடுப்பு எரியுமா? ஒங்கள ஒண்ணும் சொல்லல. ஊரே கூச்சப்படுது."

"மெதுவா மாறும்க்கா" என்றேன், தலையங்கத்தின் கடைசி வரியைப் போல. பிறகு சாம்பார் கேட்டேன். நீங்கள் கவரில் ஊற்றி, வாயைத் திருகி ரப்பர் பேண்டு மாட்டினீர்கள்.

"நூல் இல்லையா?"

"வேணாம் சார். அடுத்த மழைல எது என்துன்னு எனக்குத் தெரிய வேணாம்."

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் பின்னால் நிறைய எழுதினேன். மக்கள் மனம் மாற வேண்டும் என்றுதான் பெரும்பாலும் முடிப்பேன். மக்கள் என்ற சொல்லை எழுதும்போது ஒவ்வொரு முறையும் கை சற்று நின்று போகும். அதற்குள் வேளச்சேரிக்குக் குடிபோயிருந்தேன். நீங்கள் இறந்த செய்தி காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அண்ணனைப் பார்க்கக்கூட நான் போகவில்லை. போனால் அவர் அந்தத் தூக்கை எடுத்து வந்து கொடுத்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

அந்த இரண்டு தெருவில் நான் யாருக்குக் கூச்சப்பட்டேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கூழ் என்று கேலி செய்தவரின் பெயர் மறந்துவிட்டது. சிரித்தவர்களில் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. யார் பார்த்துவிடுவார்களோ என்று நான் அஞ்சினேனோ, அவர்கள் ஒருவர்கூட என்னிடம் மிச்சமில்லை. மேம்பாலப் படியில், கவரைக் கட்டி என்னிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்த உங்கள் முகம் மட்டும் இருக்கிறது.