பால் மங்கில் ஒரு வல்லாரை

மாரியம்மன் துணை

சிம்பாங் பூலாய் தோட்டம்,
1926, கார்த்திகை

தீவு ஆஸ்பத்திரியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு நல்லம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மகள் மங்களமும் நலம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் தோட்டத்துப் பள்ளி லூயிஸ் வாத்தியார். வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இங்கே ஓயாத மழை. ரப்பர் மரம் ஈரமாக இருப்பதால் பாதி நாள் பால் வெட்டு இல்லை. மங்களத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் காட்டவேண்டும் என்று அதைச் சுண்ணாம்பு டப்பியில் போட்டு வைத்திருக்கிறாள்.

உங்கள் கால் புண் இன்னும் ஆறவில்லை என்று நம் தோட்டத்து டிரஸ்ஸர் சொன்னார். மரத்துப்போன கால், கல் குத்தினாலும் தெரியாது. பார்த்து நடங்கள். அவர் கையில் வல்லாரைப் பொடி அனுப்புகிறேன். அந்தக் கீரை இந்த நாட்டில் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் இருக்கும் மலாய்க்கார அம்மா சிரித்துவிட்டு, நம் லயத்து வீடுகளின் கால்வாய் ஓரத்தையே காட்டினார். அவர்களுக்கு அது பெகாகாவாம், பச்சையாகவே சோற்றோடு தின்பார்களாம். பெருநோயை அது தீர்க்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெட்டுக்கத்தி பட்ட என் கை அதில்தான் ஆறியது. டாக்டரிடம் காட்டிவிட்டுப் பூசுங்கள். எண்ணெய் ஊசிக்கு வலிக்கிறது என்று டிமிக்கி கொடுக்கிறீர்களாமே, அது வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். என்னை மறந்துவிடு, உன் தம்பி உடையப்பனோடு கப்பலேறி ஊருக்குப் போய் வேறு வாழ்க்கை பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். வாத்தியார் படித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உடையப்பனும் விடவில்லை. நீயும் வாக்கா, புள்ளைய நெனச்சுப் பாரு லா என்று கெஞ்சினான். போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் அவனை மட்டும் கப்பல் துறைக்கு ரயிலேற்றி விட்டு, நானும் மங்களமும் மாட்டு வண்டியில் திரும்பி வந்துவிட்டோம்.

வல்லாரையை நம் சனங்கள் புண்ணுக்கு மட்டுமா தருகிறார்கள்? ஞாபகத்துக்கும்தானே. உங்களுக்குப் பறித்தது போக மீதியை நாங்கள் தினமும் துவையல் அரைத்துத் தின்கிறோம். என்னிடம் போய் மறக்கச் சொல்கிறீர்கள்.

ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் மண் போட்டு, வேரோடு ஒரு கொடியும் வைத்து அனுப்புகிறேன். ஈரமான இடமாகப் பார்த்து ஊன்றுங்கள். தழைத்ததும் நீங்களும் தின்னுங்கள். உங்களுக்குத்தான் அது இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

அம்மன் உங்களைக் காப்பாள்.

இப்படிக்கு,
இன்றும் உங்கள் மனைவி,
நல்லம்மாள்