பாத்திரம் கழுவும் சந்து

பாவா,

இன்று காலை, நீங்கள் தோசை வார்த்த ஓட்டலின் பின்சந்தில் நின்று, ஏசியின் இரண்டு வெளிப்பெட்டிகளையும் கழற்றி இறக்கினேன். கட்டடத்தை வாங்கியவர் கூப்பிட்டிருந்தார். துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனரால் நெம்பும்போது, தகட்டு இடுக்கில் படிந்திருந்த பழைய பிசுக்கின் வாடை மூக்கில் ஏறியது. சாம்பாரும் தோசை எண்ணெயும் சோப்புத் தூளும் கலந்த வாடை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. இடம் மாற்றவே முடியாது என்று நான் ஒரு காலத்தில் சொன்ன பெட்டிகள் அவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அழுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலையை அக்கா பார்த்துக்கொள்கிறாள்.

மலைக்கோயிலிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக நம் ஓட்டலுக்குத்தான் வருவார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, நீங்கள் தோசை வார்ப்பதை வேடிக்கை பார்க்கும். ஆந்திராப் பக்கத்துக் குழந்தை என்றால் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமலே "இன்கோட்டி வெய்யனா?" என்று, இன்னொன்று வார்க்கட்டுமா என்பதைத் தெலுங்கிலேயே கேட்பீர்கள். முதலாளி ஏசி அறை திறந்தபோது, "என் பொண்டாட்டி தம்பி, டிப்ளமோ படிச்ச மச்சான், நல்லா செய்வான்" என்று அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். பைப்பு நீளம் குறையும் என்று, பாத்திரம் கழுவும் சந்திலேயே வெளிப்பெட்டிகளை மாட்டினேன். அறை ஜில்லென்று ஆனது. முதலாளி தோளில் தட்டினார். சந்துப் பக்கம் நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அந்த வருட ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், சந்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த சரோஜாக்கா சுருண்டு விழுந்தார். சூடு தாங்காமல் விழுந்தார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நீங்கள் எல்லோரும் முதலாளியிடம் போய், பெட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னீர்கள். "மாட்டுன பையனே முடியாதுன்ட்டான்" என்றார் அவர். உண்மைதான். ஃபோனில் கேட்டார், வேறு வேலையில் இருந்தேன், முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள்.

"இன்னா மச்சான், முடியாதுன்னியாமே?"

"பைப்பு ரொம்ப நீளமாவும் பாவா. கேஸ் கூட ஏத்தணும், ஆயில் சரியா திரும்பாது. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"தோசை ஊத்துறவனுக்கு புரியாதுதான். நெசமாவே முடியாதா, இல்ல உனக்கு வேல ஜாஸ்தியா? அத மட்டும் சொல்லு."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நல்லா கேளுங்க. ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஒரு மாசம் இழுக்கிறவன் அவன்."

எரிச்சலில் எழுந்து போய்விட்டேன். மறுநாள் டிபன் நேரத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், சரோஜாக்காவின் இடத்தில் நிறுத்தினீர்கள். "கழுவு" என்றீர்கள், அவ்வளவுதான். முன்னால் வெந்நீர்த் தொட்டி, முதுகில் இரண்டு பெட்டிகளின் அனல். நாலாவது கூடை வருவதற்குள் கண் இருட்டியது. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் சூட்டையெல்லாம் எடுத்து ஒரு பொம்பளையின் முதுகில் கொட்டியிருக்கிறேன். இதற்குத்தான் மூன்று வருடம் படித்தேன்.

நீங்கள் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தீர்கள். இரண்டாவது வாரம் முதலாளி உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஏசி அறைக்கு மேற்பார்வையாளராக உட்காரச் சொன்னார். "எனக்கு வேர்க்கலீங்க முதலாளி. வேர்க்கிறது அந்த அம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. என்னையும் கூட்டிப்போனீர்கள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. "மாடிக்கு ஏத்தலாம் சார். முடியாதுன்னு சொன்னது என் சோம்பேறித்தனம்" என்றேன். முதலாளி மேஜையைத் தட்டினார். "அக்கா புருசனுக்காகப் பேசுறான் சார் இவன்!"

நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "எனக்காகவா? வூட்ல என்னாண்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டான் சார்." அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. வேலையாட்கள் பேச்சைக் கேட்டு ஓட்டல் நடத்த வேண்டிய தலையெழுத்து தனக்கில்லை என்று அடுத்த வாரமே பூட்டிவிட்டார்.

துணிமணிகளை எடுத்துக்கொள்ள உள்ளே விட்டபோது, நீங்கள் தோசைக்கல்லைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தீர்கள். "யாருக்காக பாவா?" என்று கத்தினேன். "கல்லு இன்னாடா பண்ணுச்சு?" என்றீர்கள்.

பிறகு கனகம்மாசத்திரத்தில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் சேர்ந்தீர்கள். உங்கள் சாவுக்கு வந்த அந்தக் கடைக்காரர்தான் சொன்னார்: வேலை கேட்டு வந்த அன்று சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், தட்டு கழுவுகிற இடத்தைக் காட்டச் சொன்னீர்களாம். வீட்டில் எங்களிடம் இதை நீங்கள் சொன்னதே இல்லை. அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போதெல்லாம் எங்கே ஏசி மாட்டினாலும் வெளிப்பக்கம் போய் நின்று பார்க்கிறேன். அங்கே யார் வேலை செய்வார்கள் என்று கேட்கிறேன். பள்ளிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், "தம்பி ரொம்ப பேசுறீங்க" என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். போகட்டும்.

இன்று வேலை முடிந்து எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "நல்லா ஓடிகினு இருந்த ஓட்டலு. உங்க பாவாதான மூடுனது?"

முன்பு யாராவது இப்படிக் கேட்டால், பூட்டியது முதலாளி என்று சண்டைக்குப் போவேன். இன்று, "ஆங், எங்க பாவாதான். சரோஜாக்கா நல்லா கீறாங்க" என்றேன்.

"யாரு அது?" என்றார்.

இத்தனை நாளில் இந்த ஊரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை பாவா. அவரை உட்காரச் சொல்லி, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து, கிருத்திகைக் கூட்டத்திலிருந்து தொடங்கினேன். அவசரப்படாமல் முழுவதும் சொன்னேன். பெட்டிகளை அந்தச் சந்தில் மாட்டியவன் யார் என்பதையும் சேர்த்துத்தான்.