கடைசி வண்டியும் கடைசி விசிலும்

செப்டம்பர் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். நலமா?

போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நேற்றுப் பேப்பரில் உங்கள் கால்பந்து அணியின் நிர்வாகம் பேட்டி கொடுத்திருக்கிறது. "இந்த ஊர் மக்கள் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். புது அணி மேல் இருந்த ஆசை தீர்ந்துவிட்டது. வேறு ஊருக்கு மாற்ற யோசிக்கிறோம்." அந்த அலுவலகத்தில் இந்த ஊரில் பிறந்தவன் நீ ஒருவன்தான். நீ வாயைத் திறந்தாயா, இல்லை மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினாயா?

போன வருஷம் அணி வந்தபோது நானும்தான் சிரித்தேன். "ரெண்டு மாசத்துல கடையைக் கட்டிடுவான் பாரு" என்றேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் என் டைம் கீப்பர் அறை ஜன்னலுக்கு வருகிற டிரைவர்கள், வண்டி நேரம் கேட்பதற்கு முன்னால் "ஏணிக்கு முழங்கால் தேவலையா?" என்று கேட்கிறார்கள். ஏணி என்றால் உங்கள் உயரமான தடுப்பாட்டக்காரன். அவன் முடி வெட்டிக்கொள்ள வந்தால் சலூன்காரர் மற்றவர்களை எழுப்பிவிட்டு அவனை நாற்காலியில் உட்காரவைக்கிறார். உன் மாமா கோல்கீப்பரைத் திட்டுவதைக் கேட்டால், சொந்தத் தம்பியைத் திட்டுகிறார் என்றுதான் நினைப்பாய். வீட்டில் எனக்குக்கூட அவ்வளவு திட்டு கிடைப்பதில்லை.

ஆசை தீர்ந்துவிட்டதாம்! பதில் போடு.

உன் அக்கா


செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் எதிரில் நின்று திட்டு வாங்கிய மாதிரியே இருந்தது.

பேட்டி கொடுத்தது முதலாளி. ஆனால் அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். உன்னிடம் மறைப்பானேன்? தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தின் கேமராப் பதிவையும் பார்த்து, கூட்டம் எப்படி என்று சொல்வதுதான் என் வேலை. கோபப்படாமல் கேள். நம் ஊரில் மட்டும் ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. ஜெயித்தாலும் எழுகிறது, தோற்றாலும் எழுகிறது. வீரர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். போன மாதம் ஏணியே பயிற்சியாளரிடம் "நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டானாம்.

இன்னொரு ஊரில் புதிதாக மைதானம் கட்டி, வா வா என்று கூப்பிடுகிறார்கள். நான் அறிக்கை கொடுக்க வேண்டும். நீயே சொல், அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் அப்படி என்ன அவசரம்? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 15

டேய்,

என்ன அவசரமா? கடைசி வண்டிடா!

ஆலைக் குடியிருப்புக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போகிற கடைசி வண்டிகள் எட்டே முக்காலுக்குக் கிளம்புகின்றன. நீங்கள் டிவிக்காரர்களுக்காக ஆட்டத்தை ஏழு மணிக்கு வைத்தீர்கள். விசில் ஊதும்வரை உட்கார்ந்தால் வீடுவரை நடைதான், விடிந்தால் ஆலையில் சங்கு ஊதிவிடுவான். அதனால் எழுந்து போகிறார்கள். எப்படிப் போகிறார்கள் தெரியுமா? திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, படிக்கட்டில் இடறிக்கொண்டு, ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்ததும் "என்னாச்சு, என்னாச்சு?" என்று என் ஜன்னலைத் தட்டுகிறார்கள். உன் கேமராவுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எது தாங்கவில்லை என்றால், முதலாளிக்குத் தெரியாமல் போனது அல்ல. உனக்குத் தெரியாமல் போனதுதான். டியூஷன் முடிந்து உன் பையையும் என் தோளில் போட்டுக்கொண்டு அதே வண்டிக்கு எத்தனை நாள் ஓடியிருக்கிறோம்! கார் வந்ததும் காலே மறந்துபோச்சா உனக்கு?

கிளை மேலாளரிடம், ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் கடைசி வண்டிகளைத் தாமதமாக விடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "மேலிடத்துல கேக்கணும்மா" என்றார். நன்றாகக் கேட்கட்டும். என் கையெழுத்து விழாமல் ஒரு வண்டியும் ஸ்டாண்டை விட்டு நகராது. வருகிற சனிக்கிழமை விசில் ஊதிய பிறகுதான் பேனாவைத் திறப்பேன். டிரைவர்களிடம் சொல்லியாகிவிட்டது, எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஊர் முழுக்க அவர்களே பரப்பிவிட்டார்கள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அறிக்கையைக் கொடு. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இரு.

அக்கா


செப்டம்பர் 25

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை நம் ஆட்கள் மூன்று கோல் வாங்கினார்கள். ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. என் நேரத்தைப் பார், வண்டியை நிறுத்திவைத்த அன்றைக்கா இப்படி ஆட வேண்டும்! வழக்கமாக எழுகிற நேரம் வந்தது. மாமா மைதானத்திலிருந்து போன் செய்து, "ஏய், யாருமே எந்திரிக்கலடி!" என்று கத்தினார். அவர் கத்த வேண்டியதே இல்லை, ஸ்டாண்டுக்கே சத்தம் கேட்டது. மூன்று கோல் வாங்கியவர்களுக்கு அப்படியொரு சத்தம்!

விசில் ஊதிய பிறகு வீரர்களுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லையாம். கடைசிவரை இருந்த கூட்டத்தை அவர்கள் இந்த ஊரில் பார்த்ததே இல்லையே. ஏணி நேராக வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டோமே, இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டானாம். சலூன்காரர் சொன்னாராம், "இன்னிக்கு பஸ் இருக்குப்பா!" அவன் சிரித்தானாம், அப்புறம் முகத்தை மூடிக்கொண்டானாம்.

எல்லோரும் என்னைக் கொண்டாடவில்லை. ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, ஒரு டிரைவரிடம் சொல்லி, ஸ்டாண்டில் நின்ற மாமாவின் வண்டியில் அனுப்பிவைத்தேன். திங்கட்கிழமை காலையில் மெமோ வந்தது. ஜன்னலிலிருந்து தூக்கி டயர் கிடங்கில் போட்டுவிட்டார்கள். போகட்டும், டயர் என்னை எதிர்த்துப் பேசாது.

பார்த்தாய் அல்லவா? இப்போது எழுது உன் அறிக்கையை.

உன் அக்கா


அக்டோபர் 1

அக்கா,

அறிக்கை போய்விட்டது. உன் கடிதம் என் கைக்கு வந்த மறுநாளே கொடுத்தேன். சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஒரு பஸ்ஸுக்காக இவ்வளவு பெரிய முடிவை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமைப் பதிவைப் பிறகு பார்த்தேன். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். முதலாளியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க கையெழுத்துப் போட்டாச்சே" என்றார். அடுத்த மாதமே அணி அந்த ஊருக்குப் போகிறது.

உன்னை டயர் கிடங்கில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புது மைதானத்தின் டிக்கெட் அலுவலகத்தில் உனக்கு வேலை கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்கிறார்கள். நீயும் மாமாவும் அந்த ஊருக்கே வந்துவிடுங்கள். என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

உன் டிக்கெட் அலுவலகத்தை நீயே வைத்துக்கொள். என்னைக் கிடங்கில் போட்டவர்களே ஒருநாள் திரும்பக் கூப்பிடுவார்கள், அதுவரை டயரோடு பேசிக்கொண்டிருப்பேன். நான் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்யாதவள் ஏன் ஊரைவிட்டு வர வேண்டும்?

நீ செய்ததைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ செய்தாயே. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

இப்போது இதைக் கேள். நேற்று சலூனில் கூடினோம். "நம்மள வேணாம்னு போறவங்க ஆட்டத்தைப் பாக்க நாம ஏன் அங்க போகணும்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "அவங்களா போறாங்க? கூட்டிட்டுப் போறாங்க! ஏணி முகத்தை மூடிக்கிட்டது உங்களுக்குத் தெரியல?" என்றேன். ஆசை தீர்ந்துவிட்டது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தாய் அல்லவா? நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போனாலும் அது தீராது. டிரைவர்கள் லீவு போட்டுவிட்டார்கள். வாடகைக்கு வண்டி பேசியாகிவிட்டது. அங்கே நடக்கப்போகும் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். அரை நாள் பயணம். முதல் விசிலுக்கு முன்பே உட்காருவோம், கடைசி விசில் ஊதி, விளக்கை அணைத்து, காவல்காரன் வந்து கையைப் பிடித்து எழுப்பினால்தான் எழுவோம்.

நீ அதிகாரிகளோடு மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவாயோ, கீழே எங்களோடு உட்காருவாயோ, எனக்குத் தெரியாது. கீழே வந்தால் என் தம்பி. மேலே உட்கார்ந்தால் எதிரணி. அதற்குப் பிறகு எனக்கு நீ எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 13

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முதலாளி அறைக்குப் போனேன். "முதல் ஆட்டத்துக்கு எங்க ஊர்க்காரங்க வர்றாங்க. நான் அவங்களோட உக்காரப் போறேன்" என்றேன். "அதிகாரி அங்க உக்காந்தா நல்லாருக்காது. உக்காந்தா மறுநாள் ஆபீஸுக்கு வர வேணாம்" என்றார். நிஜமாகச் சொன்னாரா, மிரட்டினாரா தெரியவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மேலே உட்காரவா, வேலையை விடவா, எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

கீழேதான் இருப்பேன். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோல்கீப்பரை நானும் திட்டுவேன்.

ஊர் திரும்பும் வண்டியில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வை.

உன் தம்பி