அக்கா சொல்லி அனுப்பிய வார்த்தை

மாசி 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பனிமூட்டம். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். தைப்பொங்கலன்றே சொன்னேன், இந்த வருடக் காமன் கூத்தில் ரதி வேஷம் நம் செல்லையாவுக்குத்தான் என்று. ஒருவரும் நம்பவில்லை. இன்று பொட்டலில் காமன் கம்பம் ஊன்றி, கூத்து மாஸ்டர் அவன் கையில் காப்புக் கட்டினார். என் அக்கா காமாட்சியின் ஒரே மகன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை. மஞ்சள் நூல் ஏறியதும் விரல்கள் ஒரு சாண் நீண்டுவிட்டன. சரி, சாண் இல்லை. ஆனால் நீண்டன.

காப்புக் கட்டினவர்களுக்கு: கறி மீன் கிடையாது. பாயில் படுக்கக் கூடாது. சாவு வீடு கூடாது. கூத்தில் ரதியின் புருஷன் மதன் எரிந்து மூன்றாம் நாள் எழும்பும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள்.

நான் எமன் வேஷம் கட்டிய வருடம் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவின் நாய் மூன்று நாள் சோறு தின்னவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், மறந்துபோவார்கள்.

மாசி 13, சனி

வெயில். லயத்து வீட்டுக் காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

சாயங்காலம் ஒத்திகை. மதன் எரிந்தபின் ரதி புலம்புகிற இடம் செல்லையாவுக்கு வரவே இல்லை. மாஸ்டர் கத்தினார்:

“டேய் ரதி, அழுறதுன்னா மூக்கச் சிந்துறது இல்லடா!”

“பின்ன எப்படிங்க அழுறது?”

“அது தெரிஞ்சா நா ஏன் மாஸ்டரா இருக்கேன்? நானே ரதி கட்டியிருப்பேன்ல!”

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஒரே சிரிப்பு. அக்காவும் வெறுங்கூடையோடு நின்றாள். “எம்மவன் நடைய பாத்தியா தம்பி? எங்கிட்டருந்து வந்தது.”

“மீசையும் ஒங்கிட்டருந்துதான்கா.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. வாயைத் துடைத்த துணியைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மாசி 16, செவ்வாய்

மழை. அக்காவைத் தோட்டத்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

செல்லையா எல்லைப் பாலம்வரை லொறியின் பின்னால் ஓடிவந்தான். பாலத்தில் நின்றுவிட்டான். காப்பு.

“மாமா, நீங்க போயி பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி சொல்லுங்க. சேத்துச் சொல்லாதீங்க.”

“நான் எப்படா சேத்துச் சொன்னேன்?”

கையிலிருந்த காப்பைத் திருகினான். “அம்மா வரச் சொன்னா ஒரு வார்த்த போதும். காப்ப அவுத்துட்டு வந்துருவேன். கூத்து நின்னா நிக்கட்டும்.”

மாசி 18, வியாழன்

வட்டகொடையில் ரயில், நானுஓயாவில் இறக்கம், பிறகு பஸ். கொண்டுபோனவை: தோடம்பழம் ஒன்று, பிஸ்கட், கம்பளிச் சால்வை, கல்யாணத்துக்குத் தைத்த என் கோட்டு (உடம்பில்).

நர்ஸ் நோனா சிங்களத்தில் ஏதோ சொன்னாள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்றைக்கு அவள் வேகமாகப் பேசிவிட்டாள்.

அக்கா கட்டிலில் மகாராணி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தோடம்பழத்தை முழுதாகத் தின்றாள். “எம்மவன்கிட்ட சொல்லு. காப்ப அவுக்காத. ரதி அழுது முடிக்கட்டும், அப்புறம் வந்தா போதும். நா எங்க போயிறப் போறேன்?” என்றாள். அடுத்தடுத்த கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், இப்படியும் ஒரு தாயா என்று.

பொழுது சாயத் திரும்பி வந்து செல்லையாவிடம் அப்படியே சொன்னேன்.

“அம்மா அப்படியா சொன்னாங்க? இதே வார்த்தையா?”

“இதே வார்த்த.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒத்திகைக்குப் போனான்.

கால் வலி. தைலம் முடிந்துவிட்டது.

மாசி 20, சனி

விடியும் நேரம் மதனை எரித்தார்கள். கடுங்குளிர், தீப்பக்கம் மட்டும் சூடு.

செல்லையா தலையில் சிகரெட்டு ஈயத்தாள் ஒட்டிய கிரீடம். கன்னத்தில் ரோஸ் பூச்சு. மதன் விழுந்தான். தப்பு மேளம் நின்றது. ரதி ஓடிவந்து விழுந்து புரள வேண்டும், எல்லா வருடமும் அதுதான். இவன் விழவில்லை. நின்றான். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். வலது கை மெதுவாக நெற்றிக்குப் போனது. நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தை இரண்டு விரலால் தேய்த்தான்.

அக்கா செய்வது. கூடையை இறக்கிய பிறகும் கயிறு இருக்கிற மாதிரியே தேய்த்துக்கொண்டு நிற்பாள். பாரம் போய்விட்டது, தழும்பு போகவில்லை. அதை எங்கே வைத்திருந்தான், இத்தனை நாள்?

பொட்டலில் இருந்த பெண்கள் அத்தனை பேர் கையும் தங்கள் நெற்றிக்குப் போயிற்று. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து குரல் வந்தது. மேளக்காரர் அடிக்க மறந்தார். மாஸ்டர் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டார். நான் பெரிய பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

எட்டு மணிக்கு ஆபீசில் தந்தி. கிளாக்கர் ஐயா பொட்டலுக்கே வந்து படித்தார். அக்கா நேற்றுச் சாயங்காலமே போய்விட்டாள். இவன் ரதியாக அழுதபோது அவள் இல்லை.

செல்லையா சேலை, பூச்சு, எதையும் கலைக்கவில்லை. காப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். மாஸ்டர் தடுக்கவில்லை.

மாசி 22, திங்கள்

வெயில், காற்று.

நேற்று அக்காவுக்கு மண் போட்டோம். இன்று மதன் எழும்புகிற நாள். வேறு எவனோ ரதி சேலை கட்டி நின்றானாம். நான் போகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் செல்லையா சொல்கிறான்: “அம்மாதாங்க வர வேணாம்னு சொல்லி அனுப்புனாங்க. அழுது முடிச்சிட்டு வான்னாங்க.” பெண்கள் அதை ஒப்பாரியிலேயே சேர்த்துவிட்டார்கள். “பெத்தவ மனச பாருங்கடி” என்று ஒருத்தி. அவன் ஆட்டத்தையும் இந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் லயம் முழுக்கப் பேச்சு.

மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அந்த வார்த்த மட்டும் இல்லேன்னா நா என்னைக்குமே என்னைய மன்னிச்சிருக்க மாட்டேன் மாமா. இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னேன். இன்றைக்கு ஐந்தாம் தடவை. இந்தத் தடவை அக்கா சிரித்தாள் என்றும் சொன்னேன்.

இந்தக் கொப்பியை யாரும் படிக்கப்போவதில்லை.

அக்கா நிமிர்ந்து உட்காரவில்லை. தோடம்பழம் தின்னவில்லை, அது இன்னும் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. எனக்கு ரதி அழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான், இரண்டு தடவை. “அவனக் கூட்டியா தம்பி.”